மலிவு விலைத் தேயிலையைக் கடலில் கொட்டியது ஏன்?

வெள்ளையரை எதிர்த்து வெள்ளையர் நடத்திய அமெரிக்க சுதந்திரப் போர்

1773-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ந்தேதி இரவு. அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் துறைமுகத்தில் 3 கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. மூன்றிலும் தேயிலைப் பெட்டிகள். கிழக்கிந்திய கம்பெனியின் சரக்கு.

முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, அந்த நாட்டு ஆதிகுடி மக்களைப்போல வேஷம் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் கப்பல்களில் ஏறியது. வந்தவர்களில் வியாபாரிகள் இருந்தார்கள். ஆனால் தச்சர்கள், கட்டிட வேலைக்காரர்கள், தொழில் பழகும் பையன்கள் ஆகியோரே அதிகம். ஜார்ஜ் ஹியூஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியும் அவர்களில் ஒருவர். கோடாரியால் பெட்டிகளைப் பிளந்து, 342 பெட்டித் தேயிலையையும் கடலில் கொட்டினார்கள். 90 ஆயிரம் ராத்தலுக்கு மேற்பட்ட தேயிலை உப்புத் தண்ணீரோடு போயிற்று. கப்பலில் இருந்த வேறு சரக்கு எதையும் அவர்கள் தொடவில்லை.

"தேயிலைக்கு அதிக வரி போட்டார்கள். விலை ஏறிவிட்டது. அந்தக் கோபத்தில் கொட்டினார்கள்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. அந்தத் தேயிலை, அதுவரை விற்று வந்ததைவிட விலை குறைந்த தேயிலை!

மலிவாகக் கிடைத்த பொருளை ஏன் வீணாக்க வேண்டும்? அதற்குப் பதில் தெரிந்தால், 8 ஆண்டுகள் நடந்த ஒரு பெரிய போரின் காரணம் தெரிந்துவிடும்.

13 மாகாணங்கள்

அப்போது அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை ஓரமாக 13 மாகாணங்கள் இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தன. போர் தொடங்கிய சமயத்தில் மொத்த ஜனத்தொகை சுமார் 25 லட்சம். அதில் சுமார் 5 லட்சம் பேர் கறுப்பர்கள். பெரும்பாலோர் அடிமைகள்.

மற்றவர்களில் பெரும்பகுதியினர் இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்தும் பிழைக்கப் போனவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும்தான். ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு சட்டசபை இருந்தது. சொந்தமாக நிலம் வைத்திருந்த ஆண்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர் வரியை அந்தச் சபைதான் போட்டது. இங்கிலாந்து 3 ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. ஒரு கடிதம் போய்ச் சேரவே பல வாரம் ஆகும். எனவே, ஏறக்குறையத் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்கள்.

"நாங்களும் ஆங்கிலேயர்கள்தான்" என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் அது.

கடனில் மூழ்கிய இங்கிலாந்து

1763-ம் ஆண்டு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த 7 ஆண்டுப் போர் முடிந்தது. இங்கிலாந்து ஜெயித்தது. ஆனால் கஜானா காலி. போருக்கு முன்பு சுமார் 7½ கோடி பவுனாக இருந்த அரசாங்கக் கடன், போர் முடிந்தபோது சுமார் 13 கோடி பவுனாக ஏறியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய பட்டாளத்துக்கும் பணம் வேண்டும்.

"அமெரிக்காவில் உள்ளவர்களைக் காப்பாற்றத்தானே செலவழித்தோம்? அவர்களும் ஒரு பங்கு கொடுக்கட்டும்" என்றது லண்டன் பார்லிமெண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் இருந்தவர்கள் கட்டிய வரியோடு ஒப்பிட்டால், அமெரிக்காவில் இருந்தவர்கள் கட்டிய வரி மிகவும் சொற்பம்.

அதே 1763-ல் மன்னர் 3-ம் ஜார்ஜ் ஓர் உத்தரவு போட்டார். அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே யாரும் குடியேறக்கூடாது என்றார். அங்கே ஆதிகுடி மக்கள் இருந்தார்கள். அவர்களோடு மேலும் சண்டை வந்தால் செலவு என்பது மன்னரின் கணக்கு. புது நிலம் தேடிப் புறப்பட இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிறருடைய நிலத்தின் மேல் வைத்த ஆசையும் இந்தப் புரட்சிக்கு ஒரு காரணம்.

ஸ்டாம்பு சட்டம்

1765-ல் ஸ்டாம்பு சட்டம் வந்தது. பத்திரம், லைசென்சு, கோர்ட்டு தஸ்தாவேஜு, பத்திரிகை, பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும். அதற்கான பணத்தை இங்கிலாந்து நாணயத்தில் கட்ட வேண்டும்.

இதில் வக்கீல், வியாபாரி, பத்திரிகைக்காரர், சீட்டு ஆடும் கப்பல் தொழிலாளி எல்லோரும் சிக்கினார்கள். ஒரே சட்டம் எல்லோரையும் ஒரே நேரத்தில் விரோதித்துக்கொண்டது.

"எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட லண்டன் பார்லிமெண்டில் இல்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் பையில் கைவிட அவர்களுக்கு என்ன அதிகாரம்?" என்ற கேள்வி கிளம்பியது. பாஸ்டனில் ஸ்டாம்பு விற்பனைக்கு நியமிக்கப்பட்ட அதிகாரியின் கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் பதவியை விட்டுவிட்டார். மற்ற மாகாணங்களிலும் இதே கதைதான். ஸ்டாம்பு இருந்தது. விற்க ஆள் இல்லை!

லண்டன் தரப்பிலும் ஒரு பதில் இருந்தது. "மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற ஊர்களுக்கும்தான் பார்லிமெண்டில் தனி உறுப்பினர் இல்லை. அவர்கள் வரி கட்டவில்லையா? பார்லிமெண்டு எல்லோருக்கும் பொதுவானது" என்றார்கள். அமெரிக்கர்கள் இதை ஏற்கவில்லை.

1766-ல் சட்டம் வாபஸ் ஆனது. ஆனால் அதே நாளில் பார்லிமெண்டு இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. எந்த விஷயத்திலும் அமெரிக்காவுக்குச் சட்டம் போடத் தனக்கு முழு அதிகாரம் உண்டு என்று அதில் எழுதி வைத்தது. வரி போயிற்று, வாதம் போகவில்லை.

கயிற்றுப் பட்டறைத் தகராறு

1767-ல் கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்குச் சுங்க வரி வந்தது. இங்கிலாந்துச் சாமான்களை வாங்குவதில்லை என்று வியாபாரிகள் முடிவு செய்தார்கள். பெண்கள் வீட்டிலேயே நூல் நூற்றார்கள். சீமைத் துணியை விட்டுக் கைத்தறித் துணி உடுத்தினார்கள். பின்னாளில் இந்தியாவில் கதருக்கு இருந்த மரியாதை, அன்று அங்கே அந்த முரட்டுத் துணிக்கு இருந்தது.

1768-ல் பாஸ்டனுக்குப் பட்டாளம் வந்தது. சிப்பாய்களுக்குச் சம்பளம் குறைவு. ஓய்வு நேரத்தில் ஊருக்குள் கூலி வேலை தேடினார்கள். குறைந்த கூலிக்கும் ஒப்புக்கொண்டார்கள். உள்ளூர்த் தொழிலாளிகளின் பிழைப்பில் மண் விழுந்தது. 1770 மார்ச் 2-ந்தேதி வேலை கேட்டு வந்த ஒரு சிப்பாயால் கயிற்றுப் பட்டறை ஒன்றில் அடிதடி நடந்தது. 3 நாள் கழித்து, 5-ந்தேதி இரவு, கூட்டத்தைப் பார்த்துச் சிப்பாய்கள் சுட்டார்கள். 5 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ். கறுப்பு இனமும் ஆதிகுடி இனமும் கலந்தவர் என்று சொல்லப்படும் கப்பல் தொழிலாளி.

சுட்ட சிப்பாய்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் யார் தெரியுமா? ஜான் ஆடம்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் 2-வது ஜனாதிபதி ஆனவர். எதிரிக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்த ஆண்டே மற்ற வரிகள் நீக்கப்பட்டன. தேயிலை வரி மட்டும் வைக்கப்பட்டது. பணத்துக்காக அல்ல. "வரி போடும் அதிகாரம் எங்களுக்கு உண்டு" என்று காட்டுவதற்காக.

வங்காளத்தில் பஞ்சம், லண்டனில் நெருக்கடி

இந்த இடத்தில் இந்தியாவின் கதையும் வந்து சேர்கிறது. 1765-ல் கிழக்கிந்திய கம்பெனிக்கு வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை கிடைத்தது. 1770-ல் அங்கே கோரமான பஞ்சம். லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். படைச் செலவு ஒரு பக்கம், பங்குதாரர்களுக்குக் கொடுத்த லாபம் இன்னொரு பக்கம் என்று 1772-ல் கம்பெனி கடனில் தத்தளித்தது. லண்டன் கிடங்குகளில் 1½ கோடி ராத்தலுக்கு மேல் தேயிலை விற்காமல் கிடந்தது. இவை சீனத் தேயிலை. இந்தியாவில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது.

கம்பெனியைத் தூக்கிவிட, 1773-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது. இங்கிலாந்தில் கட்ட வேண்டிய வரியைத் தள்ளுபடி செய்து, தேயிலையைக் கம்பெனியே நேராக அமெரிக்காவில் விற்கலாம் என்றது. விலை இறங்கியது. ஆனால் ராத்தலுக்கு 3 பென்சு அமெரிக்க வரி மட்டும் அப்படியே நின்றது.

சூட்சுமம் இங்கேதான் இருந்தது. மலிவு என்று வாங்கிக் குடித்தால், வரியையும் வாய் திறக்காமல் ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்று 3 பென்சு. நாளை எவ்வளவு என்று கேட்க வழி இருக்காது. உள்ளூர் வியாபாரிகளுக்கும், டச்சுத் தேயிலையைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து விற்றவர்களுக்கும் பிழைப்பு போகும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கொள்கையும் வியாபாரமும் கைகோத்தன. தேயிலை கடலுக்குப் போயிற்று.

துறைமுகத்துக்குப் பூட்டு

இங்கிலாந்து கடுமையாகத் திருப்பி அடித்தது. 1774 ஜூன் 1-ந்தேதி முதல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. தேயிலைக்கு நஷ்டஈடு கட்டும்வரை திறக்க முடியாது என்றார்கள். மூட்டை தூக்கியவர்கள், கப்பல் கட்டியவர்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று.

பாஸ்டன் பட்டினி கிடந்து பணிந்துவிடும் என்று லண்டன் எதிர்பார்த்தது. நடந்தது வேறு. மற்ற மாகாணங்களிலிருந்து தானியம் வந்தது. அரிசி வந்தது. ஆட்டு மந்தைகள் வந்தன. அதுவரை எல்லைத் தகராறில் ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டிருந்த மாகாணங்கள், 1774 செப்டம்பரில் பிலடெல்பியா நகரில் கூடின. ஜார்ஜியா தவிர 12 மாகாணங்களின் பிரதிநிதிகள் வந்தார்கள். அதுதான் முதல் காங்கிரஸ் சபை.

1775 ஏப்ரல் 19-ந்தேதி லெக்சிங்டன், கன்கார்டு என்ற ஊர்களில் துப்பாக்கி வெடித்தது. போர் தொடங்கிவிட்டது.

கலால் ஊழியர் எழுதிய புத்தகம்

அப்போதும் "சுதந்திரம்" என்று சொல்லப் பலருக்குத் தயக்கம். மன்னர் நல்லவர், மந்திரிகள்தான் கெட்டவர்கள் என்று நம்பினார்கள். அந்தத் தயக்கத்தை உடைத்தவர் தாமஸ் பெயின்.

இவர் இங்கிலாந்தில் கலால் இலாகாவில் ஆண்டுக்கு 50 பவுன் சம்பளத்தில் இருந்தவர். "இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது" என்று சக ஊழியர்களுக்காக 1772-ல் மனு எழுதி அச்சிட்டு, பார்லிமெண்டு உறுப்பினர்களிடம் கொடுத்தார். சம்பளம் உயரவில்லை. 1774-ல் அனுமதி இல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அவரை நீக்கிவிட்டார்கள். பெஞ்சமின் பிராங்ளின் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

1776 ஜனவரியில் அவர் எழுதிய 'காமன் சென்ஸ்' என்ற சிறு புத்தகம் வெளிவந்தது. தொழிலாளிக்கும் விவசாயிக்கும் புரியும் நடை. மன்னர் ஆட்சியே தேவையில்லை என்றார். புத்தகம் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போயிற்று. ஆறு மாதத்தில், 1776 ஜூலை 4-ந்தேதி, சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியது. 2026-ல் அதற்கு 250 ஆண்டு.

காலில் செருப்பு இல்லாத படை

பிரகடனம் செய்வது சுலபம். அதைக் காப்பாற்றுவது கஷ்டம். எதிரே இருந்தது உலகின் மிகப் பெரிய கடற்படை. கூலிக்கு வந்த ஜெர்மன் பட்டாளமும் இங்கிலாந்தின் பக்கம் நின்றது.

அமெரிக்கப் படைக்கு ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி. 1775 ஆகஸ்டில் அவர் கணக்குப் பார்த்தபோது, ஆளுக்குப் பத்து முறை சுடுவதற்குக்கூட மருந்து இல்லை. 1776-ல் நியூயார்க் நகரம் பறிபோயிற்று. ஓட்டம், பின்வாங்கல், மறுபடி ஓட்டம். டிசம்பர் 31-ந்தேதியுடன் பெரும்பாலான சிப்பாய்களின் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் ஒரு வெற்றி வேண்டும். டிசம்பர் 25-ந்தேதி இரவு, பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றைப் படகுகளில் கடந்து, மறுநாள் காலை டிரென்டன் ஊரில் ஜெர்மன் படையை வளைத்துப் பிடித்தார் வாஷிங்டன்.

1777-78 குளிர்காலத்தில் வேலி போர்ஜ் என்ற இடத்தில் படை முகாம் போட்டது. போதிய சாப்பாடு இல்லை, துணி இல்லை, பலருக்குச் செருப்பு இல்லை. அந்த முகாமில் சுமார் 2 ஆயிரம் பேர் மாண்டார்கள். குண்டு பட்டு அல்ல, நோயினால். போர் முழுவதிலும் மாண்ட அமெரிக்க வீரர்கள் சுமார் 25 ஆயிரம் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். நோயிலும் சிறையிலும் மாண்டவர்களே அதில் அதிகம்.

சம்பளம் கேட்ட சிப்பாய்கள்

பஞ்சம் நாட்டில் இல்லை. விளைச்சல் இருந்தது. பிறகு ஏன் படை பட்டினி கிடந்தது?

காங்கிரஸ் சபைக்கு வரி போடும் அதிகாரம் இல்லை! லண்டன் வரியை எதிர்த்துக் கிளம்பிய மாகாணங்கள், தங்கள் சொந்தக் காங்கிரசுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. காங்கிரஸ் காகித நோட்டு அடித்தது. அடிக்க அடிக்க மதிப்பு விழுந்தது. 1780-ல் 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரசே ஒப்புக்கொண்டது. சாதாரண சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 7 டாலருக்கும் குறைவு. அதுவும் மாதக்கணக்கில் பாக்கி.

1781 ஜனவரி 1-ந்தேதி பென்சில்வேனியா படைப் பிரிவு கலகம் செய்தது. "ஓர் ஆண்டுச் சம்பளம் பாக்கி. எங்கள் 3 ஆண்டு ஒப்பந்தமும் முடிந்துவிட்டது" என்று சொல்லி, 1,000 பேருக்கு மேல் அணிவகுத்துப் புறப்பட்டார்கள்.

செய்தி கேட்டு இங்கிலாந்துத் தளபதி கிளின்டன் மகிழ்ந்தார். "எங்கள் பக்கம் வாருங்கள். பாக்கி முழுவதையும் தருகிறோம்" என்று 2 ரகசிய ஆட்களை அனுப்பினார். கலகக்காரர்கள் என்ன செய்தார்கள்? வந்த இருவரையும் பிடித்து அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். "சம்பளச் சண்டை எங்கள் வீட்டுச் சண்டை. அதற்காகக் கட்சி மாற மாட்டோம்" என்பதே அந்தச் சிப்பாய்கள் காட்டிய நிலை. அவர்களில் சுமார் பாதிப் பேரை விடுவித்து ஊருக்கு அனுப்பினார்கள். அதே மாதம் கலகம் செய்த நியூஜெர்சி பிரிவுக்கு இரக்கம் காட்டப்படவில்லை. இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

வீட்டுக்குள் பகை

எல்லோரும் சுதந்திரம் கேட்கவில்லை. வெள்ளையர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மன்னர் பக்கம் என்று மதிப்பிடப்படுகிறது. பிராங்ளினின் மகன் வில்லியமே மன்னர் கட்சி! தகப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசாத நிலை வந்தது. போர் முடிந்ததும் சுமார் 60 ஆயிரம் பேர் நாட்டை விட்டே போனார்கள்.

"எல்லா மனிதரும் சமம்" என்று பிரகடனம் எழுதிய ஜெபர்சன் அடிமைகளை வைத்திருந்தார். வாஷிங்டனும் அப்படித்தான். 1775-ல் வர்ஜீனியாவின் இங்கிலாந்து கவர்னர், "எங்கள் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை" என்றபோது ஏராளமான கறுப்பர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்கப் படையிலும் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் இருந்தார்கள். எந்தப் பக்கம் விடுதலை கிடைக்கும் என்பதே அவர்கள் கணக்கு. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிய 1865 வரை ஆயிற்று. ஆதிகுடி மக்களுக்கோ யார் ஜெயித்தாலும் நிலம் போயிற்று.

கடலூர் வரை வந்த போர்

1777 அக்டோபரில் சரடோகா என்ற இடத்தில் ஓர் இங்கிலாந்துப் படை முழுவதும் சரணடைந்தது. இனி அமெரிக்கா தோற்காது என்று கண்ட பிரான்சு 1778-ல் துணைக்கு வந்தது. கப்பலும் பணமும் பட்டாளமும் தந்தது. 1781 அக்டோபர் 19-ந்தேதி யார்க்டவுன் ஊரில் ஜெனரல் கார்ன்வாலிஸ் 7 ஆயிரத்துக்கு மேற்பட்ட படையுடன் சரணடைந்தார். கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் வழி மறித்திருந்ததால் அவரால் தப்ப முடியவில்லை.

பிரான்சு சேர்ந்ததால் போர் இந்தியாவுக்கும் பரவியது. ஆங்கிலேயரைத் திணற வைத்த ஹைதர் அலியின் பெயர் அமெரிக்காவிலும் பிரபலம். 1782-ல் 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்த ஓர் அமெரிக்கக் கப்பல், ஆங்கிலேயரின் கப்பல் ஒன்றைப் பிடித்தது!

1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். தரையிலும் கடலிலும் கடும் சண்டை. இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன. அந்தச் செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்ததோ ஜூன் கடைசியில்! அமெரிக்காவில் தொடங்கிய போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்றில், போர் முடிந்தது தெரியாமலே கடலூர் மண்ணில் மனிதர்கள் செத்தார்கள். அமெரிக்க சுதந்திரத்தை இங்கிலாந்து ஏற்ற ஒப்பந்தம் அதே ஆண்டு செப்டம்பர் 3-ந்தேதி பாரிசில் கையெழுத்தானது.

யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ், 1786-ல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். 1791-ல் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்து, 1792-ல் திப்பு சுல்தானைப் பணிய வைத்தார். அங்கே விட்ட பெயரை இங்கே மீட்டுக்கொண்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வரி

வெற்றி பெற்ற சிப்பாய்கள் கையில் பணம் இல்லாமல் வீட்டுக்கு நடந்தார்கள். சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த கடன் சீட்டை, வயிற்றுப் பாட்டுக்காகப் பலர் அற்ப விலைக்கு விற்றார்கள். போர்க் கடனைத் தீர்க்க மாசசூசெட்ஸ் மாகாணம் கடுமையான வரி போட்டது. நிலத்தை இழக்கும் நிலைக்கு வந்த விவசாயிகள் 1786-ல் கலகம் செய்தார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ். சுதந்திரப் போரில் காப்டனாகப் போரிட்டவர்! கலகம் அடக்கப்பட்டது.

1787-ல் எழுதிய புதிய அரசியல் சட்டம் காங்கிரஸ் சபைக்கு வரி போடும் அதிகாரத்தைக் கொடுத்தது. ஆக, சுதந்திரம் வந்ததால் வரி ஒழியவில்லை. ஆனால் வரி போடுகிறவர் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டும் என்ற விதி நின்றது. அந்த ஓட்டு அடிமைக்கு இல்லை, பெண்களுக்கு இல்லை, பல மாகாணங்களில் சொத்து இல்லாத கூலிக்காரருக்கும் இல்லை. பாஸ்டனில் பெட்டி உடைத்த கைகளில் சில, ஓட்டுரிமைக்காகவும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டி வந்தது.